வலப்பக்கம் வேறொரு கை

நமது பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, பிக் மட்ச், பரிசளிப்பு விழா, விடுதிச் சாப்பாடு பற்றியெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் சித்திரப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சரியாகச் சொன்னால் ஒரு படத்தைப் பற்றி. பிரான்ஸ் மார்க் என்ற ஜேர்மன் ஓவியர் 1913இல் வரைந்த 'மிருகங்களின் விதி'. அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது யாழ்ப்பாணத்தில், நமது கல்லூரியின் சித்திர அறையில், கொப்பி அளவு கூட இல்லாத ஒரு அச்சுப் பிரதியில். அசல் இருப்பது இங்கே சுவிசில், பாசல் கலை அருங்காட்சியகத்தில். நம்மில் எத்தனையோ பேர் வேலைக்கும் கடைக்கும் போகும் ட்ராம் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்றுதான் போகிறது.

எங்கள் காலத்தில் சித்திரப் பாடத்துக்குப் பெரிய மரியாதை இருக்கவில்லை. சோதனை நெருங்கினால் முதலில் பறிபோவது அந்தப் பாடவேளைதான். கணக்கு ஆசிரியரோ விஞ்ஞான ஆசிரியரோ வாசலில் வந்து நின்று, "மாஸ்ரர், இண்டைக்கு உங்கட பாடத்தை எனக்குத் தாங்கோ" என்று கேட்பார், எங்கள் சித்திர மாஸ்ரரும் விட்டுக்கொடுத்துவிடுவார். ஆனால் தனக்குக் கிடைத்த நாற்பது நிமிடத்தை அவர் செலவழித்த மாதிரி வேறு யாரும் செலவழித்து நான் பார்த்ததில்லை. பூச்சாடி, நிறைகுடம், பொங்கல் பானை எல்லாம் எங்களுக்கும் இருந்தன, சோதனைக்கு அவை வேண்டுமே. அதற்கு மேலாக, இடைக்கிடை ஒரு நாள், ஒரு படத்தைப் பலகையில் குத்திவிட்டு "இண்டைக்கு ஒருத்தரும் கீறவேண்டாம், பாருங்கோ" என்பார். வெளிநாட்டுக் கலண்டர், பழைய சஞ்சிகை, யாரோ அனுப்பிய தபாலட்டை என்று பல இடங்களிலிருந்து வெட்டிச் சேர்த்த படங்கள் ஒரு மட்டை உறைக்குள் அவரிடம் இருந்தன. பெயரைச் சொல்லமாட்டார், வரைந்தவர் யார் என்றும் சொல்லமாட்டார். "பெயர் பிறகு சொல்லுறன் தம்பி, முதல்ல வடிவாப் பார்."

1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து போயிருந்தது, 97,000 அளவிலான நூல்களோடு. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கி, வகுப்புகளில் யாரும் எதையும் உரத்துக் கதைக்காத ஒரு காலம் இருந்தது, என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில்தான் மாஸ்ரர் இந்தப் படத்தைப் பலகையில் குத்தினார். நூலகத்தைப் பற்றி ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. எங்களுக்கு விளங்கியது.

படத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காடு, ஆனால் காடு என்று கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் எடுக்கும், ஏனென்றால் மரம், நெருப்பு, வெளிச்சம், மிருகம் எல்லாம் ஒரே மாதிரிக் கூரான துண்டுகளாக, மூலைக்கு மூலை சாய்ந்த கோடுகளாக வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன. இடப்பக்கம் மேலே பச்சைக் குதிரைகள் மிரண்டு உதறுகின்றன. கீழே காட்டுப்பன்றிகள். நடுவில் ஒரு நீல மான், முறிந்து விழுகிற மரத்துக்குக் கீழே, கழுத்தை முழுதாக மேலே நீட்டிக்கொண்டு, தொண்டையும் நெஞ்சும் வெள்ளையாகத் தெரிய நிற்கிறது. ஓடவில்லை. வலப்பக்கத்தில் இன்னும் சில மான்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி. நெருப்புப் பற்றிய படம் என்று தெரிகிறது, ஆனால் எந்த இடத்திலும் தீயைத் தீயாக வரையவில்லை. சிவப்புக் கீற்றுகள் ஈட்டி மாதிரி இறங்குகின்றன, அவ்வளவுதான். கனவில் ஓட நினைத்து ஓடமுடியாமல் நிற்போமே, அந்த நிலை படம் முழுவதும் இருக்கிறது.

ஒருவன் மான் ஆடுகிறது என்றான். இன்னொருவன் அது கும்பிடுகிறது என்றான். மாஸ்ரர் எதையும் மறுக்கவில்லை. பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் குத்தினார், மிருகங்கள் மறைந்து கோடுகள் மட்டும் தெரிந்தன. எல்லாக் கோடும் அடிக்க வருகிற மாதிரிச் சரிந்து கிடக்க, அந்தக் கழுத்து மட்டும் உயிருள்ள ஒரு வளைவாக இருப்பதைக் கண்டுபிடித்தோம். அதை அவர் சொல்லித்தந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்லவில்லை, நாங்களாகக் காணும்வரை பொறுத்துக்கொண்டு சன்னலடியில் நின்றார். நான் பிற்காலத்தில் எந்தப் படத்தின் முன்னால் நின்றாலும் கண் தானாக முதலில் கோடுகளுக்குப் போவது அந்த நாளின் பலன்தான்.

மணி அடிக்கும் நேரத்தில் அவர் ஒன்று சொன்னார். வலப்பக்கத்தைக் காட்டி, "இந்தத் துண்டு வேற ஒரு ஆள் கீறின மாதிரிக் கிடக்கு" என்றார். அந்தப் பகுதி பழுப்பாக, மங்கலாக இருந்தது. அச்சு மங்கிப்போச்சு சேர் என்று முன்வாங்கில் இருந்தவன் சொன்னான். மாஸ்ரர் தலையை ஆட்டினார். "அச்சு மங்கினா எல்லாப் பக்கமும் மங்கும். இது வேற கை." படத்தைக் கழற்றி உறைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ஓவியரின் பெயரையும் சொன்னார், பிரான்ஸ் மார்க், முதலாம் உலகப் போரில் செத்துப்போனவர் என்று. அதற்கு மேல் அவரிடமும் தகவல் இருக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி வாசிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு இடம் இருந்திருக்குமானால், அது எரிந்துபோன அந்த நூலகமாகத்தான் இருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நானும் மற்றவர்களைப் போலச் சுவிசுக்கு வந்து சேர்ந்தேன். முகாம், விசாரணை, உணவகச் சமையலறை, அந்தக் கதையை இந்த மலரின் பழைய இதழ்களில் பலர் எழுதிவிட்டார்கள், நான் திரும்ப எழுதவில்லை. பாசலுக்கு மாறி வந்து, கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்த ஒரு குளிர்காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். அந்த நகரத்துக்காரர் தங்கள் படங்களின் மேல் வைத்திருக்கும் பற்று எனக்கு எப்போதும் பிடிக்கும்: அங்கே உள்ள பொதுச் சேகரிப்பு 1661இலிருந்து இருக்கிறது, 1967இல் பிக்காசோவின் இரண்டு படங்களை வாங்கப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்து மக்கள் ஆம் என்றார்கள், அதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்த பிக்காசோ மேலும் நான்கு படைப்புகளைச் சும்மா கொடுத்தார். சரி, அது வேறு கதை. ஒரு அறைக்குள் திரும்பினேன், நீல மான் நின்றது.

இரண்டரை மீற்றருக்கு மேல் அகலம், உயரம் இரண்டு மீற்றருக்குக் கிட்ட. உள்ளங்கையில் அடங்கிய படமாகவே என் மனதில் இருந்தது திடீரென்று சுவரளவுக்கு விரிந்து நின்றபோது, அந்தக் கோடுகள் என் பக்கமாகச் சரிகிற மாதிரி இருந்தது. அருகே போனால் நீலம் ஒரு நீலம் இல்லை, அதற்குள்ளே பல நீலம். வலப்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே நிறம் இல்லை. உருவங்கள் இருக்கின்றன, கோடுகள் தொடர்கின்றன, ஆனால் பழுப்பு ஒரு மெல்லிய திரை போல மூன்றில் ஒரு பங்கை மூடியிருக்கிறது. அச்சுக் கோளாறே இல்லை.

மார்க் 1916 மார்ச் 4ஆம் திகதி வெர்டன் போர்முனையில் எறிகணைச் சிதறல் பட்டு இறந்தார், வயது 36. முக்கியமான கலைஞர்கள் என்று போர்முனையிலிருந்து திருப்பி எடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது, கட்டளை அவரிடம் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு இந்தப் படம் வைக்கப்பட்டிருந்த களஞ்சியத்தில் தீப்பிடித்து, எரிகிற காட்டை வரைந்த அந்தப் படத்தின் வலப்பக்கம் உண்மையாகவே எரிந்துபோனது. 1919இல் அவருடைய நண்பர் பவுல் கிளே, பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியைத் திரும்ப வரைந்தார். கோடுகளை அப்படியே மீட்டார். நிறங்களை மீட்கவில்லை. கிளேக்கு நிறம் தெரியாதா? அந்த நூற்றாண்டில் நிறத்தை அவரளவு அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். தெரிந்தே விட்டார் என்றுதான் நான் நம்புகிறேன், நண்பன் பூசிய இடம் எது, நெருப்புக்குப் பின்னால் தான் பூசிய இடம் எது என்று பார்க்கிறவனுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக.

ஆக, மாஸ்ரர் சொன்னது சரி. வேறு கைதான். யாழ்ப்பாணத்தில், ஒரு மங்கிய தாளை வைத்துக்கொண்டு, எந்தப் புத்தகத்தின் உதவியும் இல்லாமல், வெறும் கண்ணால் அதைக் கண்டுபிடித்திருந்தார். நான் அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுதினேன். தீ, கிளே, 1919 எல்லாம் விளக்கமாக எழுதி, படத்தின் தபாலட்டை ஒன்றையும் வைத்து அனுப்பினேன். அப்போது ஊருக்குக் கடிதம் போவதே பெரும்பாடு, பதில் வர மாதக்கணக்கானது. தான் சொன்னது சரியாகிவிட்டது என்று ஒரு வரி கூட அதில் இல்லை. என்ன பழுப்பு, அடியில் மார்க்கின் நிறம் கொஞ்சமாவது தெரிகிறதா, தெரிந்தால் எந்த இடத்தில், கிளே மெல்லிசாகப் பூசியிருக்கிறாரா தடிப்பாகவா, இரண்டு கையும் சந்திக்கும் விளிம்பு கூராக இருக்கிறதா கரைந்து போகிறதா, போய் வடிவாகப் பார்த்து எழுது தம்பி. அவ்வளவுதான் கடிதம். நான் திரும்பப் போனேன். அவருக்குப் பதில் எழுதுவதற்காகப் பார்த்ததில்தான் அந்தப் படத்தை நான் படித்தேன் என்று சொல்லவேண்டும். விளிம்பு கூராக இல்லை. நீல மானைத் தாண்டிக் கண் போகப்போக நிறம் வடிந்து பழுப்பாகிறது.

மார்க்குக்கு நிறங்கள் பற்றிச் சொந்தமாக ஒரு கணக்கு இருந்தது. 1910இல் நண்பர் ஔகுஸ்ட் மாக்கவுக்கு எழுதிய கடிதத்தில் நீலம் ஆண்மையும் ஆன்மிகமும், மஞ்சள் மென்மையும் மகிழ்ச்சியும் கொண்ட பெண்மை, சிவப்பு சடப்பொருள், முரட்டுத்தனமும் பாரமும் உள்ளது, மற்ற இரண்டும் எதிர்த்து வெல்லவேண்டியது என்று எழுதினார். இந்த ஆண், பெண் பாகுபாடு எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அந்தக் கணக்கோடு படத்தைப் பார்த்தால், சிவப்பு இறங்குகிற காட்டில் மான் ஏன் நீலமாக நிற்கிறது என்பது தெரிகிறது. அடுத்த வருடம் அவரும் ஓவியர் கண்டின்ஸ்கியும் சேர்ந்து மியூனிக்கில் 'நீலக் குதிரைவீரன்' குழுவைத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரிகிறபடி வரைவதை விட்டு உள்ளே நடப்பதை வரைவது, அதற்காக உருவத்தை உடைப்பது, நிறத்தை மாற்றுவது, இதைத்தான் வெளிப்பாட்டியம் என்கிறார்கள். மற்றவர்கள் மனித முகத்தில் அதைத் தேடினார்கள். மார்க் மிருகங்களில் தேடினார். காட்டை மனிதன் பார்க்கிற மாதிரி அல்ல, மான் பார்க்கிற மாதிரி வரைய வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்தப் படத்துக்கு அவர் முதலில் நினைத்த பெயர் 'மரங்கள் தம் வளையங்களைக் காட்டின, மிருகங்கள் தம் நாளங்களை' என்பது, இப்போதைய பெயர் கிளே சொன்னது. கன்வஸின் பின்பக்கத்தில், இருப்பதெல்லாம் தீப்பற்றி எரியும் துயரம் என்று மார்க் எழுதி வைத்திருக்கிறார்.

1915இல் போர்முனையில் இருந்தபோது யாரோ அந்தப் படத்தின் தபாலட்டையை அவருக்கு அனுப்ப, அதைப் பார்த்து அதிர்ந்துபோய் மனைவி மரியாவுக்கு எழுதினார்: இது இந்தப் போரை முன்கூட்டியே உணர்ந்தது போல இருக்கிறது, நான்தான் வரைந்தேன் என்று நம்பவே முடியவில்லை என்று. இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. போர் தொடங்கியபோது அது ஐரோப்பாவைச் சுத்தப்படுத்தும் என்று நம்பித் தானாகப் போய்ச் சேர்ந்தவர் அவர். வரப்போவது தெரிந்திருந்தால் போயிருப்பாரா? அவருக்குத் தெரிந்திருந்தது பயந்த ஒரு உடம்பு எப்படி இருக்கும் என்பது. அதை உண்மையாக வரைந்தார், பிறகு உலகம் போய் அந்தப் படத்தைப் போலாகிவிட்டது. கடைசி மாதங்களில் பீரங்கிகளை விமானத்திலிருந்து மறைக்கப் பெரிய தார்ப்பாய்களுக்கு வண்ணம் பூசும் வேலை அவருக்குக் கிடைத்தது, மனேயிலிருந்து கண்டின்ஸ்கிவரை எல்லாப் பாணியிலும் பூசுகிறேன் என்று வீட்டுக்கு எழுதினார். அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்படிப்பட்ட கைக்குக் கடைசியாகக் கிடைத்த துணி அது.

படம் பாசலுக்கு வந்த கதையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நாம் வாழும் நாட்டின் கதை. ஹால்லே நகர அருங்காட்சியகத்தில் இருந்த இந்தப் படத்தை 1937இல் நாசிகள் 'சீரழிந்த கலை' என்று சொல்லிப் பறித்தார்கள். பறித்த படங்களில் விலைபோகக் கூடியதை வெளிநாட்டுப் பணத்துக்கு விற்றார்கள். 1939இல் பாசல் அருங்காட்சியக இயக்குநர் கெயோர்க் ஷ்மித் மாநில அரசிடம் 50,000 பிராங் கேட்டுவாங்கி, லுட்சேர்ன் ஏலத்திலும் நேரடியாகப் பெர்லினிலும் 21 படைப்புகளை வாங்கினார். மிருகங்களின் விதியும் கோகோஷ்காவின் 'காற்றின் மணமகள்' படமும் அதில் அடங்கும். அந்தப் பணம் யாருடைய கைக்குப் போகிறது என்ற கேள்வி அன்றைக்கே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. எனக்கு அதைவிட உறுத்துகிற விஷயம் வேறு. 1938இல்தான் ஜேர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் யூதர் என்று காட்டும் ஜே என்ற எழுத்தை முத்திரையிடுவதற்குச் சுவிசும் ஜேர்மனியும் உடன்பட்டன. படம் எல்லையைக் கடந்து வந்த காலத்தில் ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பவுல் கிளேயின் கதையையும் பாருங்கள்: பேர்ணுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், தகப்பன் ஜேர்மன்காரர் என்பதால் அவரும் ஜேர்மன் குடிமகன், 1933இல் நாசிகள் வேலையைப் பறித்ததும் பேர்ணுக்குத் திரும்பி வந்து பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்து, அது கிடைக்குமுன்னே 1940இல் இறந்துபோனார். கந்தோரில் கோப்புக்காகக் காத்திருந்த நம் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாண நூலகத்துக்குத் திரும்புகிறேன், அதை விட்டு இந்தப் படத்தைப் பற்றி என்னால் பேசமுடியாது. எரிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டும்போது, ஒரு பகுதியையாவது எரிந்தபடியே விட்டுவைக்க வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நடக்கவில்லை. இன்று அது முழுக்க வெள்ளையாக, அழகாக நிற்கிறது, ஊருக்குப் போகும்போது என் பிள்ளைகள் அதன்முன் நின்று படம் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வாசிக்க ஒரு இடம் வேண்டும், அது திறந்திருப்பது நல்லது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கிளே செய்தது மாதிரி ஒரு மூலையை, ஒரு சுவரை, பழுப்பாக விட்டிருக்கலாம். கட்டடம் குறைந்துபோயிருக்காது. அந்தச் சுவர் எதற்காக அப்படி இருக்கிறது என்று என் மகள் கேட்டிருப்பாள்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது அம்மா எங்கள் மாட்டைக் கயிறு அவிழ்த்துவிட்டுத்தான் போனார். அது பின்னால் கொஞ்சத் தூரம் வந்ததாம், பிறகு ஒழுங்கை முடக்கில் நின்று தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்ததாம். ஷெல் சத்தத்துக்கு ஓடவும் இல்லை. தொலைபேசியில் அம்மா வேறு எத்தனையோ இழப்புகளைச் சொன்னார், அழுதது இதைச் சொல்லும்போதுதான். அந்தப் படத்தின் நீல மானுக்கு முன்னால் நிற்கிற ஒவ்வொரு முறையும் எங்கள் ஒழுங்கை எனக்கு ஞாபகம் வரும். போரைப் பற்றிய எத்தனையோ படங்களை அதன் பிறகு பார்த்துவிட்டேன். அந்த மிருகங்கள் எந்தப் பக்கத்தையும் சேராதவை, ஏன் எரிகிறோம் என்று கேட்கவும் தெரியாதவை, அவற்றின் பக்கத்தில் நின்று வரைந்த படமாக எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

மாஸ்ரர் இப்போது இல்லை. அவருடைய மட்டை உறை இடப்பெயர்வில் எங்கே போனதென்று அவருடைய குடும்பத்துக்கும் தெரியவில்லை. போன வருடம் கல்லூரிக்குப் போனபோது சித்திர அறையைப் பார்த்தேன். அறை இருக்கிறது, ஆர்வமான ஒரு இளம் ஆசிரியை இருக்கிறார், சுவரில் பிள்ளைகளின் பொங்கல் பானைகள் இருக்கின்றன. பார்ப்பதற்கு வேறு படம் ஒன்றும் இல்லை. இணையத்தில் எல்லாம் பார்க்கலாமே என்று சொல்வீர்கள். கைப்பேசித் திரையில் ஒரு படத்தை நாற்பது நிமிடம் முப்பது பிள்ளைகள் சேர்ந்து பார்த்துச் சண்டைபிடிக்க முடியாது.

நம் சங்கம் விஞ்ஞானகூடத்துக்குக் கொடுத்திருக்கிறது, மைதானத்துக்குக் கொடுத்திருக்கிறது, இரண்டும் வேண்டியவைதான். வருகிற பொதுக்கூட்டத்தில் சித்திர அறைக்கும் ஒரு தொகை ஒதுக்கும்படி முன்மொழிய இருக்கிறேன். கேட்பது பெரிய காசில்லை. நல்ல தாளில், பெரிய அளவில் அச்சடித்த படங்கள், வருடத்துக்குக் கொஞ்சமாக, நம் நாட்டு ஓவியர்களுடையதும் வெளிநாட்டவர்களுடையதும் கலந்து, கூடவே மாஸ்ரர் செய்தது போல ஒரு பாடவேளையைப் பார்ப்பதற்கு மட்டும் ஒதுக்க அதிபர் சம்மதிக்க வேண்டும். ஆசிரியையிடம் கதைத்துவிட்டேன், அவருக்கு விருப்பம். முதலில் அனுப்ப வேண்டிய படம் எது என்று நான் சொல்லத் தேவையில்லை. வலப்பக்கத்துப் பழுப்பு தெளிவாகத் தெரிகிற அளவில் அச்சடிக்க வேண்டும், அச்சகத்துக்காரர் அதைப் பிழை என்று நினைத்து நிறத்தைத் திருத்திவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள நான் தயார். பாசலிலும் சுற்றிலும் இருக்கிறவர்கள் கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தால் எல்லோருமாகப் போய் அசலைப் பார்த்துவிட்டு வரலாம். வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.